வெறும் குழம்பு

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன சம்பளம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சாப்பிட உட்காரும்போது தட்டை எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நடுத்துண்டு யார் தட்டில் கிடக்கிறதோ அவர் அந்த மாதம் அதிகம் கொண்டுவந்தவர். வால் துண்டு என்றால் அதற்கு அடுத்தவர். வெறும் குழம்பு என்றால் சம்பாத்தியமே இல்லாதவர், அல்லது சம்பாதித்தும் அத்தையின் கண்ணுக்கு அது சம்பாத்தியமாகத் தெரியாதவர்.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. யுத்தம் முடிந்த மறு வருஷம் எண்ணூரிலிருந்து ராயபுரம் குப்பத்துக்கு மருமகளாக வந்தேன். உயரமான, எலும்பு தெரிகிற உடம்பு அத்தைக்கு. முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருக்கும். விடியும்போது கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்றுவிட்டு, வீட்டுக்கென்று ஒரு மீனோடு திரும்பி வருவாள். அதை அரிவாள்மணையில் வைத்து அரியும்போதே எந்தத் துண்டு யாருக்கு என்று முடிவாகிவிடும். குழம்பை நான் கொதிக்க வைக்கலாம், அகப்பையை நான் பிடிக்கலாம். எதை எங்கே போடுவது என்பதை மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாலேயே சொல்வாள். அவள் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. அமைதியாக இருப்பவளிடம் என்ன செய்வது?

கடலுக்குப் போகிறவர்களிடம் பங்கு என்று ஒரு முறை இருந்தது. மீன் விற்றதும் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. புதிதாகச் சேர்ந்தவனுக்கு மட்டும் அரைப்பங்கு. அவனும் மற்றவர்களைப் போலவே துடுப்புப் போட்டிருப்பான், வலை இழுத்திருப்பான், அதே அலையில் நனைந்திருப்பான். ஆனாலும் அரைப்பங்குதான். எப்போது முழுப்பங்கு என்று அவன் கேட்கக் கூடாது. பெரியவர்களுக்குத் தாமாகத் தோன்றினால் தருவார்கள். அத்தை இந்த முறையை அப்படியே அடுப்படிக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

என் மாமனார் ஒரு காலத்தில் சொந்தப் படகு வைத்திருந்தவர். நான் வருவதற்கு முன்பே நங்கூரக் கயிறு சுற்றி அவருடைய வலது கையின் விரல்கள் போய்விட்டன. படகை விற்றார்கள். கட்டு அவிழ்த்த அன்றைக்கே அவருக்கு வெறும் குழம்பு என்று அத்தை முடிவு செய்துவிட்டாளாம். இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, தினமும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்துபோவார்.

“கொயம்பு நல்லாகீது.”

வந்த புதிதில் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் அவர் தட்டில் ஒரு துண்டு போட்டேன். அத்தை கையை நீட்டி அதை எடுத்துச் சட்டிக்குள் போட்டுவிட்டு விரலைக் கழுவினாள். சாப்பாடு முடிந்து ஆண்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள்.

“வூட்டுல ஒரு நாயம் வேணும்மே. உனுக்கு எரக்கம் வந்துச்சுன்னு இன்னிக்கு ஒரு துண்டு போட்டா, நாளைக்கு இன்னொருத்தன் கைய வெட்டிக்கினு வந்து ஒக்காருவான்.”

மறுபடி ஒரு நாள் சோற்றுக்கு அடியில் துண்டை ஒளித்துவைத்துக் கொடுத்தேன். பிசையும்போது அது மாமனார் விரலில் பட்டது. அத்தை அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அவர் அதை எடுத்து மெதுவாக என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் சொல்வதுதான் நியாயம் என்று அவரும் நம்பிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அவள் தனக்கென்று ஒரு தனிச் சட்டம் வைத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் குளிர்க்காய்ச்சல் வந்து கூடை தூக்க முடியாமல் படுத்திருந்த நாட்களில், நான் கொண்டுபோய் வைத்த மீன் துண்டைத் தொடவில்லை. வெறும் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கெட்டவள் என்று சொல்லி ஒதுக்கிவிட முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் ஹார்பரில் வின்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்குகிற வேலை. கப்பல்கள் வரிசையாக நின்ற காலம் அது, ஓவர்டைம் கொட்டியது. நடுத்துண்டு அவருக்குத்தான். இடது பக்கம் அப்பா, வலது பக்கம் தம்பி, இரண்டு தட்டிலும் வெறும் குழம்பு. இவர் எந்தப் பக்கமும் திரும்பாமல் முள்ளை மட்டும் பார்த்துச் சாப்பிடுவார். நல்ல மனுஷர். கழுத்து மட்டும் திரும்பாது.

தம்பிதான் என் கொழுந்தன். அவன் வேலையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகாய விமானம் ஓட்டுகிறவன். மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் தயவில் படித்து, யுத்தத்தின்போது விமானப்படையில் சேர்ந்து, பறக்கக் கற்றுக்கொண்டு வந்தவன். யுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெடுநாள் சும்மா திரிந்த பிறகு ஒரு தனியார் விமானக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கேப்டனுக்குப் பக்கத்தில் உட்காருகிற துணை விமானி.

முதல் சம்பளத்தை அவன் அம்மா கையில் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் அதை எண்ணவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு நொடி பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“வண்டிய யாரு ஓட்டறது?”

கேப்டன் என்றான்.

“நீ இன்னா பண்றே?”

பக்கத்தில் உட்காருவேன், சக்கரத்தை ஏற்றி இறக்குவேன், அவர் சொல்கிறபோது நானும் ஓட்டுவேன் என்றான்.

“எந்தப் பக்கம் ஒக்கார்றே?”

“வலப்பக்கம். கேப்டன் இடப்பக்கம்.”

“அப்ப அரைப்பங்குதான்,” என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அரைப்பங்கு அவள் கணக்கில் சம்பாத்தியமில்லை; அன்று ராத்திரியே அவன் தட்டில் வெறும் குழம்பு என்று தீர்மானமாகிவிட்டது.

அவன் என்னிடம் புலம்பியதுண்டு. படையிலிருந்து திரும்பிய விமானிகள் ஊருக்கு ஊர் நிற்கிறார்களாம். சம்பளம் போதாது என்று வாயைத் திறந்தால், வெளியில் பத்துப் பேர் நிற்கிறான், போய்ப் பார் என்கிறார்களாம். போட்டுக்கொண்ட யூனிபார்முக்கே சம்பளத்தில் பிடித்தம். பம்பாயில் தங்க நேர்ந்தால் கேப்டனுக்கு ஓட்டல் அறை. இவனுக்குக் கொடுக்கிற படிப்பணத்தில் ஓட்டல் வாசலைத் தாண்ட முடியாது, விமானக் கொட்டகையில் தபால் மூட்டைகளின் மேல் படுத்துக்கொள்வான். இதைக் கேட்ட என் வீட்டுக்காரர் ஹார்பர் கேட்டிலும் அதே கதைதான் என்றார். வெளியில் கூட்டம் நின்றால் உள்ளே கூலி இறங்கும். அண்ணன் தம்பி பேசிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தனியாக வாடகைக்குப் போக அவனுக்கு வழியில்லை. அதனால் அந்தத் தட்டுக்குத்தான் திரும்பி வர வேண்டியிருந்தது. சட்டை மடிப்புக் கலையாமல், தொப்பியைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு, பீச் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மின்சார ரயில் பிடித்து மீனம்பாக்கம் போவான். திரும்பும்போது விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டைத் தின்னாமல் வைத்திருந்து என் பெண்ணுக்குக் கொண்டுவருவான். மிச்சம் பொறுக்கிக்கொண்டு வருகிறான் என்பாள் அத்தை.

அவனுக்காகத்தான் நான் மறுபடியும் சோற்றுக்கு அடியில் துண்டை ஒளிக்க ஆரம்பித்தேன். பாதித் துண்டுதான், வின்ச் ஓட்டுகிறவர் பெண்டாட்டி என்று எனக்குக் கிடைத்த துண்டிலிருந்து எடுத்தது. மாமனாரைப் போல அவன் அதைத் தள்ளவில்லை. சோற்றோடு சேர்த்து உருட்டி, முள்ளை நாக்கால் ஒதுக்கி, முகத்தில் ஒன்றும் தெரியாமல் விழுங்குவதற்குப் பழகிவிட்டான். முள்ளை மடியில் போட்டுக்கொண்டு எழுந்துபோவான். வருஷக்கணக்காக இது நடந்தது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பார்க்காத பொருள் அந்த வீட்டில் கிடையாது, அத்தை இதை மட்டும் பார்க்கவில்லை.

காலடிப்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நம்முடைய ஆட்கள்தான், பெண்ணின் அப்பா ஏதோ கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர். கோயில் திருவிழாவில் கொழுந்தன் அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தான். நான்தான் நடுவில் ஆள் வைத்துப் பேசினேன். வீடு பார்க்க வந்தவர்கள் அவனை யூனிபார்மில் பார்த்ததும் வாயடைத்துப்போனார்கள். பெண்ணின் அப்பா அவனுக்கு முன்னால் உட்காரவே கூச்சப்பட்டார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அத்தை வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“செவுளத் தொறந்து காட்டித்தான் மீன் விக்கிறவ நானு. பெரியவன் ஹார்பர்ல வாங்கறதுல இவுனுது பாதி கூட இல்ல. உங்க பொண்ணு இங்க வந்தா அதுக்கும் வெறும் கொயம்புதான். அப்பால எம்மேல கோவிச்சுக்கக் கூடாது, ஆமா.”

அவர்கள் காபியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போனார்கள். பதில் வரவில்லை. அடுத்த தையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு ரயில்வே கிளார்க்கோடு கல்யாணம் நடந்தது.  அவர்கள் வந்துபோன அன்றைக்குக் கொழுந்தன் கோட்டைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடலோரமாகப் போய்விட்டான். நான் அத்தையிடம் சண்டைக்குப் போனேன். நான் சொன்னதில் எது பொய் என்று கேட்டாள். ஒன்றுமே பொய்யில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இன்னொரு நாள். கல்கத்தா விமானம் கரையோரமாகத்தான் வடக்கே போகும், இன்று காலை நம் குப்பத்துக்கு மேலாகப் போவேன் என்று என் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். சத்தம் கேட்டதும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கையாட்டினார்கள். மாமனாரும் விரல் இல்லாத கையைத் தூக்கி ஆட்டினார். அத்தை மட்டும் குனிந்தபடி மீன் குடலை உருவிக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லையா அத்தை என்று கேட்டேன்.

“வலப்பக்கம் ஒக்காந்துகினு போறான். அத்தப் போயி இன்னாத்துக்கு அண்ணாந்து பாக்கணும்?”

அந்த வருஷக் கடைசியில் மாமனார் காலமானார். கஷ்டப்படாமல் போனார், தூக்கத்தில். பதினாறாம் நாள் படையல் போட்டோம். செத்துப்போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கம். வஞ்சிரம் வாங்கியிருந்தோம். சோற்றை வைத்து, காயை வைத்து, நான் மீனை எடுக்கப் போனபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளே அகப்பையை வாங்கி அவர் இலையில் வெறும் குழம்பை ஊற்றினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். செத்த பிறகாவது ஒரு துண்டு வைக்கக்கூடாதா என்று ஒருத்தி துணிந்து கேட்டாள்.

“இன்னும் சம்பாரிக்கல இல்ல,” என்றாள் அத்தை.

கொழுந்தன் எழுந்து கொல்லைப்புறம் போனான். நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான். பெரிய ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுகை நின்ற பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சொன்னான்.

“நா இடப்பக்கம் ஒக்கார்ற அன்னிக்கு, அண்ணி, இந்த வூட்டுல யாருக்கும் வெறும் கொயம்பு கெடையாது. மொதத் துண்டு நைனாவுக்கு.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அதற்குப் பிறகு அந்த அடுப்படியில் காலம் தள்ளினேன். எனக்கு வேறு பிடிப்பு இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகி அவர் தட்டும் ஒரு நாள் வெறும் குழம்பாகிவிடுமோ என்ற பயம் எனக்குள் எப்போதும் இருந்தது. வின்ச்சில் கயிறு அறுந்து அடிபட்டவர்கள் குப்பத்திலேயே இருந்தார்கள். கொழுந்தன் எப்போது இடது பக்கத்துக்கு மாறுவான் என்று அவனைவிட நான்தான் அதிகமாக ஏங்கினேன். அவன் விமானம் ஏறும் நாளெல்லாம் கன்னியம்மனுக்கு விளக்கு வைத்தேன்.

அது ஒருவழியாக நடந்தது. ஒரு கேப்டன் வேறு கம்பெனிக்குப் போனார், அந்த இடம் இவனுக்குக் கிடைத்தது. சம்பளம் ஒரே தாவாகத் தாவி அண்ணன் சம்பளத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவன் செய்த முதல் காரியம், ஒரு முழு வஞ்சிரத்தைத் தானே வாங்கிவந்து, மாமனார் வழக்கமாக உட்காரும் மூலையில் இலை போட்டு, நடுத்துண்டை வைத்துக் கற்பூரம் ஏற்றியதுதான். பிறகு எல்லோருக்கும் துண்டு. எனக்கு, என் பெண்ணுக்கு, அண்ணனுக்கு, எல்லோருக்கும் ஒரே அளவு. நான் அன்று சந்தோஷத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

அத்தை மறுத்து ஒன்றும் பேசவில்லை. அதிகம் கொண்டுவருகிறவன் சொல்வதுதான் செல்லும், அதுவும் அவளுடைய சட்டம்தானே. ஆனால் அவள் முகத்தில் திருப்தி இல்லை. பெரிய மகனை எப்போதும், அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி, “நைனா” என்று அருமையாகக் கூப்பிடுகிறவள், சின்னவனை அதற்குப் பிறகும் “இவன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எளகின கை, எத்தினி நாளைக்குன்னு பாப்போம் என்று மட்டும் என்னிடம் சொன்னாள். பொறாமைக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். அவள் பிள்ளையை அவள் எவ்வளவு சரியாக எடைபோட்டு வைத்திருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பையன் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். மதுரைப் பக்கத்து ஊர். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தான், கொழுந்தனுக்குப் பக்கத்தில் வலது சீட்டில் உட்காருகிறவன். பல்லாவரத்தில் நாலு பேராக ஒரே அறையில் தங்கியிருந்தார்களாம். ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு, ஒரு வேளை வாழைப்பழம் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். சட்டைக் காலர் நைந்திருந்தது. கொழுந்தன் முதல் மாதம் வந்து நின்ற கோலம் எனக்குக் கண்ணில் வந்தது.

அவன் சும்மா வரவில்லை. புதுப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து ஆரம்பச் சம்பளத்தை உயர்த்தித் தரும்படி கம்பெனியிடம் கேட்கப் போகிறார்களாம். இவர்கள் மட்டும் போனால் வெளியில் பத்துப் பேர் நிற்கிறான் என்பார்கள். கேப்டன் ஒருவர் கூட வந்தால் காது கொடுப்பார்கள். நீங்களும் இப்படிக் கஷ்டப்பட்டுத்தானே சார் மேலே வந்தீர்கள், நீங்கள் வரவேண்டும் என்று கேட்டான். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதைக் கேட்கக் கொழுந்தனைவிடப் பொருத்தமான ஆள் உண்டா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.  முதலில் சாப்பிடு, பிறகு பேசலாம் என்றான் கொழுந்தன்.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அத்தை வழக்கம்போலச் சட்டிக்குப் பக்கத்தில். நான் அகப்பையை எடுத்துக்கொண்டு பையன் தட்டுக்கு வந்தபோது கொழுந்தன் தலைநிமிராமல் சொன்னான்.

“அண்ணி, தம்பிக்கு வெறும் கொயம்பு.”

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் விளையாடவில்லை. பையனுக்கு ஒன்றும் தெரியாது, எதையோ எதிர்பார்த்துச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். அத்தை சட்டென்று நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல முள்ளைப் பார்த்தார்.

 பையன் தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். எனக்கென்று எடுத்துவைத்திருந்த துண்டை வைத்து, மேலே சோற்றால் மூடி, அதன்மேல் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். என் கை அதில் தேர்ந்த கை. அத்தையின் கண்ணுக்கே தப்பிய வேலை அது.

பையன் சோற்றில் கை வைத்தான். கொழுந்தன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

“இரு தம்பி,” என்றான். குரல் மென்மையாகத்தான் இருந்தது. கையை நீட்டிப் பையன் தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கி, அடியிலிருந்த துண்டை எடுத்தான். அதைச் சட்டிக்குள் போட்டுவிட்டு விரலை நக்கிக்கொண்டான். என் பக்கம் திரும்பவேயில்லை.

“நானும் இதத் துன்னுதான் அந்தப் பக்கம் போயி ஒக்காந்தேன். யாரும் எனுக்காவப் போயிக் கேக்கல. நீங்களும் துன்னுங்க. நா வர மாட்டேன்.”

 பையனின் கை சோற்றிலேயே நின்றது. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன், போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் அவனுக்குப் பசி. நாளைக்கு மறுபடி அதே வலது சீட்டில் கொழுந்தனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். குனிந்து ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டான். என்னைப் பார்த்துச் சொன்னான், மரியாதைக்கு.

“குழம்பு நல்லா இருக்கும்மா.”

மாமனார் உட்காரும் மூலையை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அத்தை ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் என் கை செய்துகொண்டிருந்த வேலை அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சிரித்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படி வாய்நிறையச் சிரித்து நான் பார்த்ததில்லை. சட்டிக்குள் திரும்பிப்போன துண்டைத் தேடி எடுத்துச் சின்ன மகன் தட்டில் வைத்து, அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“துன்னு நைனா,” என்றாள்.

அவன் தின்றான்.